உரக்கடைக்காரனின் வீட்டுப்பாடம்

என் கடைக்கு நோயாளிகள் சட்டைப் பையில் வருவார்கள். சிலர் துண்டின் முனையில் முடிந்து கொண்டுவருவார்கள், சிலர் பீடிக்கட்டோடு சேர்த்து மடித்து வைத்திருப்பார்கள். ஒரு வெங்காயத் தாள், ஒரு பருத்தி இலை, ஒரு மக்காச்சோளத் தோகை. மேசைமேல் போட்டு, "இதுக்கு என்னன்னு பாருங்க" என்பார்கள். நெற்றிமேல் ஏற்றிய கண்ணாடியை இறக்காமலேயே நான் பார்ப்பேன். இரண்டு நொடி போதும். திரும்பி அலமாரியிலிருந்து ஒரு பாட்டில், ஒரு பாக்கெட் எடுத்து வைப்பேன். "டேங்குக்கு ஒரு மூடி, வெயில் ஏறறதுக்குள்ள அடிச்சிடுங்க." அடுத்த ஆள் வருவார்.

பாடாலூரிலிருந்து செட்டிகுளம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். சின்ன வெங்காயம் விளைகிற பூமி. உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடையை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். என் அப்பா இதே ஊரில் அடுத்தவர் வயலில் கூலிக்கு மருந்து அடித்தவர். முதுகில் மிஷினோடு வரப்பில் போகிறவரை வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதே வீட்டுக்காரர்கள் அவர் மகனான என்னை "டாக்டரே" என்றார்கள். பாதி கேலிதான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

இப்படி இருந்த எனக்குத்தான் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. விவசாயப் படிப்பு இல்லாதவர்கள் கடையைத் தொடர்ந்து நடத்த வேண்டுமானால் ஒரு சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று வேளாண்மை ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நான் படித்தது பிளஸ் டூ, அதுவும் காமர்ஸ். கடையை அடைத்துவிட்டு வகுப்புக்குப் போக மனம் வராமல், இணையத்தில் நடக்கிற ஒரு படிப்பில் சேர்ந்தேன். பாடமெல்லாம் வீடியோவாக இருக்கும், நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எல்லோரும் ஒன்றாக வகுப்பில் இருக்க வேண்டும். கடைசியில் அரியலூரில் நேரில் போய் ஒரு பரீட்சை எழுத வேண்டும்.

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்றாள் என் மனைவி.

"அம்பத்தொண்ணுல வளையுதான்னு பாப்போம்" என்றேன். முதுகு ஏற்கனவே வளைந்துதான் இருக்கிறது என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு போனை ஒரு நுண்ணூட்ட டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் நாற்பது கடைக்காரர்கள். ஒருவர் குளித்துவிட்டுத் திருநீற்றோடு இருந்தார், ஒருவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாடம் நடத்துகிற மேடத்துக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மண்ணைப் பற்றி ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் கடைக்கு வந்து எலி மருந்து கேட்டார். "வூட்டெலியா வரப்பெலியா? வூட்டெலின்னா கருவாட்டுல தடவி வைங்க" என்று நான் விளக்கமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறேன், போனிலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. மைக்கை அணைக்காமல் விட்டிருக்கிறேன். உடையார்பாளையத்துக் கடைக்காரர் ஒருவர், "சார் சொல்றது சரிதான் மேடம், கருவாடுதான் பெஸ்ட்டு" என்று எனக்கு ஆதரவாகப் பேசினார். அன்றைய மண் பாடத்தில் என் மண்டையில் ஏறியது அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் பத்துக் கேள்விகள் வைத்தார்கள். கேள்விக்கு நான்கு விடைகள், சரியானதைத் தொட வேண்டும். எல்லாம் என் தினப்படி வேலை சம்பந்தமான கேள்விகள்தான். இதிலா தோற்கப் போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். மூன்று மதிப்பெண் வந்தது. இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், அப்போதும் மூன்றுதான்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது ஏழாவது கேள்வி. விவசாயி ஒருவர் நோய் கண்ட இலையை உங்கள் கடைக்குக் கொண்டுவருகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? "ஏற்ற மருந்தைப் பரிந்துரைப்பேன்" என்பதைத் தொட்டிருந்தேன். தவறு என்று சிவப்பில் வந்தது. "முழுச் செடியையும் வேரோடு கொண்டுவரச் சொல்வேன்" என்பதுதான் சரியாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேடத்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "மேடம், மத்தியான பஸ்ஸ பிடிக்கணும்னு நிக்கிற ஆளுகிட்ட வேரக் கொண்டா, தூரக் கொண்டான்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. நான் இலையப் பாத்தே சொல்லிடுவேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம்."

அவருடைய பதில் சாயங்காலம் வந்தது. "சரிங்க சார். வெங்காயத் தாள் சுருண்டு திருகிப்போய் வருதுன்னு வைங்க. நீங்க மருந்து குடுக்குறீங்க. அதோட கிழங்க என்னைக்காவது தோண்டிப் பாத்திருக்கீங்களா? உள்ள என்ன இருந்துச்சு?"

கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்பது குரலில் இருந்தது. பதில் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எடுத்த போனைத் திரும்ப வைத்துவிட்டேன். தாள் திருகிக்கொண்டு கோழியின் கால் மாதிரி மடங்கி நிற்பதால் எங்கள் பக்கத்தில் அதைக் கோழிக்கால் நோய் என்போம். அதற்கு மருந்து கொடுத்திருக்கிறேனே தவிர, அதன் கிழங்கை நான் பார்த்ததே கிடையாது. அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் முதலாக எனக்கு ஒரு ஆசை வந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் வீடியோ பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் அடி விழும். இந்த மேடத்தை ஒரே வாக்கியத்தை ஐந்து தடவை சொல்ல வைத்தாலும் முகம் சுளிக்க மாட்டார். பெரம்பலூர் போனபோது வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்வார்களே, அந்த லென்ஸ் ஒன்று வாங்கி வந்தேன். கடைக்கு வந்த வெங்காயத் தாளை முதல் முதலாகப் பிளந்து பார்த்தேன். உள்மடிப்பில் வெளிர் மஞ்சளாக, அரிசி நொய்யில் கால் பங்கு இருக்கும், ஏதோ ஓடியது. இலைப்பேன்! இருபத்திரண்டு வருடமாக இலைப்பேனுக்கு மருந்து விற்கிறேன், அன்றுதான் அதை நேரில் பார்க்கிறேன். முகமே தெரியாத ஆளுக்கு இத்தனை வருடம் விஷம் வைத்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பேன் பாக்குறதுக்கா கூப்புட்டீங்க?" என்று போய்விட்டாள்.

வருகிறவர்களிடமெல்லாம் செடியை வேரோடு கேட்க ஆரம்பித்தேன். "டாக்டரு இப்பல்லாம் ஸ்கேன் எடுத்தாத்தான் மருந்து குடுப்பாராம்" என்று டீக்கடையில் பேச்சு. இரண்டொருவர் பக்கத்துக் கடைக்குப் போகவும் செய்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தார்கள். கடை மேசை முழுக்க மண். இலை மஞ்சளானால் சத்துக் குறைவு என்று நான் அடித்துச் சொல்லிவந்த செடிகளின் வேரில் புழு இருந்தது, அழுகல் இருந்தது, சிலதில் ஒன்றுமே இல்லாமல் தண்ணீர் தேங்கிய வாடை மட்டும் இருந்தது.

கார்த்திகை மாதம் வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தார்கள். நோய் வந்த ஒரு வயலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நோய் எங்கிருந்து, எப்போது, எந்த வழியாக அந்த வயலுக்கு வந்தது என்று தேடி எழுத வேண்டும். ஒரு நிபந்தனை: அதுவரைக்கும் அந்த வயலுக்கு நீங்கள் மருந்து எதுவும் விற்கக் கூடாது.

எந்த வயல் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மா வந்தார். ஊருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, ஒரே மகன் திருப்பூரில் இருக்கிறான். ஆள் வைக்காமல் முக்கால்வாசி வேலையை அவரே பார்ப்பார். முந்தானையிலிருந்து திருகிப்போன தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணே, இது மூணாவது வெள்ளாமை. மூணும் கோழிக்காலு. அடுத்ததும் இப்படியே போச்சுன்னா காட்ட குத்தகைக்கு வுட்டுட்டு மவன்கிட்டப் போயிடலாம்னு இருக்கேன். அங்க எதுனா பனியன் கம்பெனியில நூல் வெட்டிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

போக விருப்பமில்லாத ஆள் சொல்கிற மாதிரிதான் சொன்னார். என் கை வழக்கம்போல் அலமாரிக்குப் போய்விட்டது. நிபந்தனை ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டேன்.

"மருந்து வேண்டாம்மா. போன்ல ஒரு டீச்சரம்மாகிட்ட படிக்கிறேன், அவங்க குடுத்த வீட்டுப்பாடம். நாளைக்கு உங்க காட்டுக்கு நான் வரட்டுமா?"

"நீங்களா? காட்டுக்கா?" என்று என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

அவர் மாமனார் காலத்தில் என் அப்பா கூலிக்கு மருந்து அடித்த வயல்தான் அது. சின்னதில் அப்பாவுக்குக் குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுக்கப் போயிருக்கிறேன். அதற்குப் பிறகு கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். திருகின செடி ஒன்றைக் களைக்கொட்டால் நெம்பி எடுத்தோம். கிழங்கு திரளாமல் நீண்டு ஒடிசலாக இருந்தது. வேர் இருக்க வேண்டிய இடம் பழுப்பாக, தொட்டால் உதிர்ந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடியில் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளைப் பூஞ்சை. அந்த அம்மாவிடமும் லென்ஸைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இங்க கெடக்குது. நாம தாளுக்கு அடிச்சிக்கிட்டு இருந்தமா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். மேடம் இதைத்தான் கேட்டிருந்தார்.

கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, வயலை வரைந்தேன். பாத்தி பாத்தியாக நடந்து, நோய் இருக்கிற இடமெல்லாம் பெருக்கல் குறி போட்டோம். மூன்று நாள் ஆனது. கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். எனக்கு அந்த மூன்று நாளும் பசி தெரியவில்லை. நோய்க்குக் கால் கிடையாது, ஏதோ ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அது எது என்று கண்டுபிடிக்கிற ஆசையில் நான் எழுந்ததும் வயலுக்குப் போகிறவனாகிவிட்டேன்.

முதல் சந்தேகம் தண்ணீர்மேல். அந்த அம்மாவுக்கும் அதேதான். "மேலக்காட்டுக்காரங்க வாய்க்கா வழியாத்தான் வந்திருக்கும். அத வச்சுத்தான் அவங்க வூட்டோட ரெண்டு வருசமா எனக்குப் பேச்சு வார்த்தை இல்ல" என்றார். நான் மேலக்காட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் வெங்காயத்தைத் தோண்டிப் பார்த்தேன். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அடுத்த சந்தேகம், எருவுக்காக வயலில் ஆடுகளை அடைத்துவைக்கிற ஆட்டுக்கிடைமேல். அதே கிடை போட்ட இன்னும் இரண்டு வயல்களுக்குப் போனேன். அங்கும் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மேடத்திடம் கேட்டேன்.

"முதல் வருஷம் எந்த இடத்துல ஆரம்பிச்சுதுன்னு கேளுங்க சார். தண்ணியில வந்திருந்தா தண்ணி நுழையிற பக்கம் ஆரம்பிக்கும். பக்கத்து வயல்லேர்ந்து வந்திருந்தா வரப்போரமா ஆரம்பிக்கும். வயல் பூரா ஒரே சமயத்துல அங்கங்க வந்திருந்தா, நட்ட விதைக் கிழங்குலயே வந்திருக்குன்னு அர்த்தம்."

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். அந்த அம்மா மோட்டார் கொட்டகைப் பக்கம் அடுப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"மொத வருசமா? எந்தப் பக்கம்னு சொல்றது. அங்கொண்ணு இங்கொண்ணு, அம்மை போட்ட மாதிரி காடு பூராவும்" என்றார்.

கண்டுபிடித்துவிட்டேன்! நோட்டைத் திறந்து 'விதைக் கிழங்கு' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். "அந்த வெதைய எங்கம்மா வாங்குனீங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "என்னண்ணே, தெரியாத ஆளு மாதிரி கேக்குறீங்க. நீங்க சொல்லித்தானே அந்தப் பட்டறையில வாங்குனோம். 'நான் மருந்து குடுத்துப் பொழைக்க வச்ச வெங்காயம், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க'ன்னு சொன்னீங்களே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பூதத்துக்கு என் முகம் இருந்தது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் வெங்காயத்தை அறுத்ததும் தாளோடு காயவைத்து, வயலோரத்தில் காற்றோட்டமாக நீளமாக அடுக்கி, மேலே கீற்றுப் போட்டு மூடிவைப்பார்கள். அதைத்தான் பட்டறை என்போம். அடுத்த நடவுக்கு விதைக் கிழங்கு அதிலிருந்துதான் எடுப்பார்கள், வெளியாட்களும் வந்து வாங்கிப்போவார்கள். அந்த அம்மா விதை வாங்கிய முதல் வருடம் எனக்குத் தெரிந்த ஒருவரின் வயலில் கோழிக்கால் நோய் வந்தது. நான் மருந்து கொடுத்தேன். தாள் நிமிர்ந்தது, வெங்காயமும் ஓரளவுக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களையெல்லாம் அந்தப் பட்டறைக்கே அனுப்பினேன். என் வைத்தியத்துக்கு அந்த வெங்காயம்தான் சாட்சி என்று எனக்குப் பெருமை. தாள் நிமிர்ந்தால் நோய் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கிழங்குக்குள் அது உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஆள் நான்தான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று டீ டம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்மா" என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுப்பாடத்தை மட்டும் உண்மையாக எழுதினேன். ஆறு பக்கம், படத்தோடு. கடைசிப் பக்கத்தில் 'அந்தப் பட்டறையில் விதை வாங்கச் சொன்னது நான்' என்றும் எழுதினேன். எங்கேயோ இருக்கிற மேடத்துக்குச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு வந்தது. கீழே மேடம் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மிக நல்ல தேடல். வயல்காரருக்கு இது தெரியுமா?'

அந்த வரிக்கு நான் பதில் போடவில்லை. தெரியாது என்று எழுத விரல் வரவில்லை, தெரியும் என்று எழுதினால் பொய்.

மாசியில் அந்த அம்மா கடைக்கு வந்தார். வைகாசி நடவுக்கு விதை சொல்லி வைக்கப் போகிறாராம், அதே பட்டறையில். "வேற எங்கயாவது வாங்கிப் பாருங்களேன்" என்றேன். "ஏண்ணே? நீங்கதானே அது நல்ல வெதைன்னீங்க" என்றார். சும்மா ஒரு மாறுதலுக்கு என்று ஏதோ உளறினேன். சரி, உங்க இஷ்டம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் விதையை மாற்றினால் மட்டும் தீராது என்பது எனக்குத் தெரியும். பாடத்தில் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று வெள்ளாமையில் அந்தப் பூஞ்சை மண்ணிலேயே தங்கிவிட்டது. எந்த விதையை நட்டாலும் வெங்காயம் அழுகும். இரண்டு மூன்று வருடம் அந்த மண்ணுக்கு வெங்காயத்தையே காட்டாமல் மக்காச்சோளம் மாதிரி ஏதாவது போட வேண்டும், அப்புறம் மருந்தில் நனைத்து நேர்த்தி செய்த நல்ல விதையோடு திரும்பலாம். இதைச் சொல்லாவிட்டால் வைகாசியில் நடுவார், ஆடிக்குள் நாலாவது வெள்ளாமையும் போகும், அவர் பஸ் ஏறிவிடுவார். சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்பார்.

மனைவியிடம் கொட்டினேன். "பழிய ஒத்துக்கிட்டா அதுக்கப்புறம் நான் சொல்ற எதையும் அந்தம்மா நம்பாது. மக்காச்சோளம் போடுங்கன்னாலும் கேக்காது. அப்பவும் காடு போயிடும்."

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "நம்பறதும் நம்பாததும் அந்தம்மா பாடு. சொல்றது உங்க பாடு. அவங்க பாட்டையும் சேத்து நீங்க ஏன் பாக்குறீங்க?" என்றாள்.

இணையத்தில் எந்த மேடமும் எனக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது. மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அந்த அம்மா வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் காரணமில்லை, கிடை காரணமில்லை, விதைதான் காரணம், விதையைக் காட்டிவிட்டவன் நான். மண்ணுக்குள் இறங்கிவிட்டது, இனி இரண்டு மூன்று வருடம் இதில் வெங்காயம் வேண்டாம்.

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நோயையும் நீங்கதான் குடுத்தீங்க. அதுக்கு மருந்தும் உங்ககிட்டத்தான் வாங்குனேன், முந்தின ரெண்டு வெள்ளாமைக்கும்" என்றார்.

"ஆமாங்க."

"மேலக்காட்டு அக்காகிட்ட ரெண்டு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசலண்ணே நான். அவங்க பொண்ணு கல்யாணத்துக்குப் போகல. பத்திரிகைய வாசல்லயே வாங்கி வச்சுட்டு உள்ள போயிட்டேன்."

தெரியாமல் செய்தது என்று வாய் வரைக்கும் வந்தது. தெரியாது என்பதை இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

"அந்த நோட்ட வச்சுட்டுப் போங்க" என்றார். வரப்பின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை. அந்தப் பட்டறைக்கு நான் அனுப்பிய இன்னும் மூன்று பேரிடமும் போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் திட்டினார், ஒருவர் தன் அண்ணன் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு மாறிவிட்டார். டாக்டரே என்கிற கூப்பாடு நின்றது. நின்றபோது கஷ்டமாகத்தான் இருந்தது.

அரியலூர்ப் பரீட்சைக்குப் போன அன்று வாசலில் ஒருவர், "நீங்கதானே எலி மருந்து?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உடையார்பாளையத்துக்காரர். "உங்களுக்குப் பரவால்ல சார், வெங்காயம். எங்க பக்கம் முந்திரி. மரத்த வேரோட புடுங்கிட்டு வாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். பல மாசத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் தேர்ச்சி பெற்றோம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினாள் என் மனைவி. நான் அதன் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.

வைகாசியில் அந்த அம்மாவின் வயல் வழியாகப் போகிற வேலை இல்லாமலேயே போனேன். வயல் உழுது கிடந்தது, நடவு இல்லை. ஆனியிலும் இல்லை. குத்தகைக்கு விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன், கேட்கத் தைரியம் வரவில்லை. ஆடி கடைசியில் பார்க்கும்போது மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. விதை என் கடையில் வாங்கியது இல்லை. வாய்க்கால் மேட்டில் அந்த அம்மாவும் மேலக்காட்டு அம்மாவும் உட்கார்ந்து ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணி இருக்கும், கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் நோட்டை மேசையில் வைத்துத் திறந்தார். நான் வரைந்திருந்த படத்தில் வடகிழக்கு மூலையில் இருந்த பெருக்கல் குறிகளைப் பேனாவால் அடித்திருந்தார்.

"இந்த மூலையில நோய் இல்லண்ணே. அது எறும்புப் புத்து. நீங்க தப்பாப் போட்டிருக்கீங்க."

பக்கத்தைத் திருப்பினார். அவருடைய கையெழுத்து, பத்தாவது வரைக்கும் படித்தவரின் உருண்டை எழுத்து. எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பாத்தியில் மண் நிறம் மாறியிருக்கிறது, சோளத்தின் வேரில் என்ன பார்த்தார் என்று எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். அதில் பாதி எனக்குத் தெரியாத விஷயம். நான் படித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றார்.

பிறகு முந்தானையிலிருந்து போனை எடுத்து என்முன் வைத்தார்.

"நீங்க சொல்லி நான் கேட்டது போதும்ணே. அந்த டீச்சரம்மாகிட்ட நானே படிச்சுக்கிறேன். அதுல சேர கடை வச்சிருக்கணுமா, இல்ல காடு இருந்தாப் போதுமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, மேடத்துக்குப் போன் போட்டேன்.